சோதனை என்று பெயர் வைத்த விண்டோ

“அந்த உதவிப் பக்கத்தை எழுதின மகராசன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் அக்கா... கேள்வி கேட்டே கொன்னுடறேன்!”

போனில் அக்காவிடம் பொரிந்து தள்ளிக்கொண்டே அவள் காபிக் கடைக்குள் நுழைந்தாள். வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கடையில் மிச்சமிருந்த ஒரே நாற்காலி, லேப்டாப்புக்குள் தலையைப் புதைத்திருந்த ஒருவனுக்கு எதிரே இருந்தது. கேட்காமலே உட்கார்ந்தாள். அவள் குடைத் தண்ணீர் சொட்டி அவன் செருப்பு நனைந்தது. ம்ஹூம்... ஆள் நிமிரவே இல்லை.

“படிச்சா மனுஷங்களுக்குப் புரியணும்ல? விண்டோவோட பேருங்கறான், அடுத்த வரியில தலைப்புங்கறான். ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? சரியான அரைவேக்காடு!”

இப்போது நிமிர்ந்தான். தூக்கம் கெட்டு லேசாகச் சிவந்த, பெரிய, அமைதியான கண்கள்... சே, கோபமாக இருக்கும்போது இதையெல்லாம் ஏன் பார்க்கிறோம் என்று அவளுக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது.

“வேற வேற,” என்றான்.

“என்னது?”

“பேரு நீங்க வைக்கறது. தலைப்பு, உள்ள ஓடற புரோகிராம் வைக்கறது. அந்தப் பக்கத்தை எழுதின அரைவேக்காடு நான்தான்.”

அவள் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். அக்கா உள்ளிருந்து ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் சீட் முன்பதிவு செய்யும் நிறுவனம் அது. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒரே திரையைப் பல விண்டோக்களாகப் பிரித்துத் தரும் ஒரு புரோகிராம் உண்டு. ஒவ்வொரு விண்டோ வழியாகவும் ஒவ்வொரு மெஷினுக்குள் போகலாம். கீழ் வரியில் இடப்பக்கம் விண்டோவின் பெயர் தெரியும், வலது மூலையில் தலைப்பு தெரியும். அதன் உதவிப் பக்கத்தில், உள்ளே நடப்பதற்கு ஏற்பத் தலைப்பு தானாக மாறிவிடும் என்று எழுதியிருந்தவன், பெயரையும் தலைப்பு என்றே சொல்லி வைத்திருந்தான். பெயரும் தானாக மாறும் என்று அவள் நம்பிவிட்டாள். ஆனால் கையால் ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அது மாறவே மாறாது! இந்த விஷயம் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அவள் சோதனை மெஷினுக்கான ஒரு விண்டோவுக்குச் ‘சோதனை’ என்று பெயர் வைத்தாள். பிறகு அதே விண்டோவிலிருந்து நிஜமான முன்பதிவு மெஷினுக்குள் போனாள். வேலை முடிந்து திரும்பிய நினைப்பில் கீழே பார்த்தாள். ‘சோதனை’ என்றே இருந்தது. தைரியமாக அணைத்தாள். அவ்வளவுதான், எல்லா கவுன்ட்டர்களும் படுத்துவிட்டன. வரிசை தெருவரைக்கும் நீண்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை இருக்குமா, போகுமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவனிடம் அவள் சொல்லவில்லை. எதிரே இருப்பவனின் பரிதாபம் யாருக்கு வேண்டும்?

“தெரிஞ்சவங்களுக்கு அது புரியும்,” என்றான் அவன்.

“தெரிஞ்சவங்க எதுக்குங்க அதைப் படிக்கணும்? தெரியாதவங்கதானே படிப்பாங்க!”

அவன் முகம் உம்மென்று ஆனது. உம்மணாமூஞ்சி என்று அப்போதே மனசுக்குள் பெயர் சூட்டிவிட்டாள்.

“குறை சொல்றது சுலபம். திருத்தி அனுப்புங்க, பாக்கலாம்.”

“அனுப்பறேன். நீங்க ஏத்துக்கற வரைக்கும் அனுப்பறேன்!”

மறுநாள் காலையே, அந்தப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு ஆபீஸ் ஈமெயிலிலிருந்து திருத்தத்தை அனுப்பினாள். ‘நீளம்’ என்று ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. சுருக்கி அனுப்பினாள். ‘இருப்பதே போதும்’ என்று வந்தது. யாருக்குப் போதும் என்று கேட்டாள். ‘உங்க வீட்டுல இந்த வேலை தெரியாத ஒருத்தர்கிட்ட ரெண்டையும் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசுங்க’ என்று ஒரு போடு போட்டாள்.

அதற்கப்புறம்தான் அவன் பதில்களின் தொனியே மாறியது. ‘உதாரணத்தில் விண்டோவுக்கு வேறு பெயர் வைக்கலாமே...’ என்றான். ‘மூன்றாம் வரியில் கோபம் தெரிகிறது, மழையில் நனைந்துகொண்டே எழுதினீர்களா?’ என்றான். உம்மணாமூஞ்சிக்கு இவ்வளவு பேச வருமா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பதில் வரத் தாமதமானால் கை தானாகப் போனைத் தேடியது... வேலை போகப்போகிற நேரத்தில் இது என்ன கூத்து?

விசாரணைக்கு முந்தின நாளும் திருத்தம் திரும்பி வந்தது. இனி நேரிலேயே கேட்டுவிடுவது என்று காபிக் கடைக்குப் போனாள். அவன் இருந்தான். பக்கத்தில் ஒரு பெண், அவன் தட்டிலிருந்தே பிஸ்கட் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். பார்த்தவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

“அக்கா, திருத்தம் அனுப்பறது நீங்கதானே? நான் இவனோட தங்கச்சி!” அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். “நீங்க சொன்னபடி ரெண்டையும் என்கிட்டதான் குடுத்தான். அண்ணன் எழுதினதைப் படிச்சு, அண்ணன் மெஷினையே அணைச்சு வெச்சுட்டேன்! நீங்க எழுதினதைப் படிச்சதும் பளிச்சுனு புரிஞ்சுது. நீங்க சொன்னதுதான் சரின்னு இவனே அன்னைக்கு ஒத்துக்கிட்டானே... இன்னுமா ஏத்துக்கல?”

“வாயை மூடேன்டி...” அவன் முகம் வெளிறியது.

“சரின்னு தெரிஞ்சுமா திருப்பி அனுப்பினீங்க?” அவள் குரல் நடுங்கியது. “அந்தப் பக்கத்தை நம்பித்தான் நான் நிஜ மெஷினை அணைச்சேன். நாளைக்கு எனக்கு விசாரணை. வேலையே போகலாம். உங்களுக்கு இது விளையாட்டு!”

“நீங்க சொல்லவே இல்லையே...”

“சொன்னா பாவம்னு ஏத்துக்கிட்டிருப்பீங்க. சரியா இருக்குன்னு ஏத்துக்கணும்னு இருந்தேன்.”

குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கி நடந்தாள். கன்னத்தில் வழிந்ததெல்லாம் மழை இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் நிமிர்ந்து நின்றாள்.

“அணைச்சது நான்தான் சார், மறுக்கல. ஆனா அலட்சியம்னு எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்.”

“பேரைப் பாத்து ஏமாந்தேங்கற. யாரும்மா நம்புவா?”

கதவு திறந்தது. தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவன் நின்றான். பின்னாலேயே வரவேற்பறைப் பெண், “சொல்லச் சொல்லக் கேக்காம வந்துட்டார் சார்!” என்றாள்.

“அந்தப் பக்கத்தை எழுதினவன் நான். இவங்க ஈமெயில்ல ஆபீஸ் பேரைப் பாத்து வந்தேன். ஒரு நிமிஷம் சார்...” மேனேஜரின் கம்ப்யூட்டரிலேயே ஒரு விண்டோவைத் திறந்து, அவர் கையாலேயே ‘சோதனை’ என்று பெயர் வைக்கச் சொன்னான். உள்ளே ஏதேதோ தட்டினான். “இப்ப எந்த மெஷின்ல இருக்கீங்க?”

“இதோ போட்டிருக்கே, சோதனைன்னு...”

“இல்ல சார். வேற மெஷினுக்குள்ள வந்துட்டோம். வலது மூலையில இருக்கற தலைப்புதான் மாறிச்சு. நீங்க வெச்ச பேரு அப்படியே நிக்குது. அதை நான் எழுதல. நெறைய பேர் சொன்னாங்க, திமிர்ல கேக்கல. இவங்கதான் விடாம சொன்னாங்க. இன்னைக்குக் காலையில இவங்க திருத்தத்தை ஒரு எழுத்து மாத்தாம ஏத்தியாச்சு. அலட்சியம் என்னோடது.”

மேனேஜர் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “எச்சரிக்கையோட விடறேன். திங்கக்கிழமை வேலைக்கு வந்துடும்மா.”

படிக்கட்டில் அவன் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய் வழி மறித்தாள்.

“சரின்னு தெரிஞ்சும் ஏன் திருப்பி அனுப்பினீங்க? மழுப்பாம சொல்லணும்.”

அவன் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். “ஏத்துக்கிட்டா... அதோட நீங்க எழுத மாட்டீங்களேன்னு. தினமும் உங்ககிட்டேர்ந்து ஒரு வரி வரும்ல, அது நின்னுடுமேன்னு பயந்தேன். அற்பத்தனம்தான். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

“அதுக்காக என் வேலையில விளையாடுவீங்களா? போன் நம்பர் கேக்கத் தெரியாதா, மண்டு!”

“தெரியல,” என்றான் பாவமாக. அந்தப் பெரிய கண்கள் கலங்கியிருந்தன.

அவள் அவனையே பார்த்தாள். ஆனாலும் பட்டாசு பட்டாசுதானே...

“எனக்கு உங்க மேல பயங்கரக் கோபம். அது சீக்கிரம் போகாது,” என்றாள். “நானும் உங்களைக் காதலிக்கிறேன். அதுவும் போகாது. ரெண்டையும் சேர்த்துத்தான் கட்டிக்கணும்... சம்மதமா?”

அவன் வாய் திறக்குமுன் அவள் கை அவன் கையைப் பிடித்துவிட்டது.