மாமாவின் ஃபோனில் ஓட்டை இல்லை

நான் பகிடி விட்டால் யாரும் சிரிப்பதில்லை. நம்பிவிடுகிறார்கள். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை ஒரு புது ஃபோன் சாகப் பார்த்தது.

கற்பிட்டிக் கடற்கரையில் என் மாமா மனுவேல் ஃபைபர் படகு திருத்துகிறார். பக்கத்துக் கொட்டிலில் நளீம் நானாவுக்கும் அதே வேலைதான். ஃபைபரைத் தேய்க்கிற அவருடைய கிரைண்டர் போடுகிற சத்தத்துக்குக் காகம்கூட அந்தப் பக்கம் வராது.

மாமாவின் மகள் டெனிஷா அக்கா இத்தாலியில் வேலை செய்கிறார். தினமும் நான்கு மணிக்கு மாமாவுக்கு அழைப்பார். மாமா ஹெட்செட் வயரை ஃபோனில் குத்தி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கதைப்பார்.

அந்த ஃபோன் கடலில் விழுந்துவிட்டது. அக்கா புதிது அனுப்பினார். அதில் வயர் குத்தும் ஓட்டையே இல்லை!

காற்றும் கிரைண்டரும் சேர்ந்தால் ஃபோனில் என்ன கேட்கும்? "கேக்கல்ல மகள்! கேக்கல்ல!" என்று கத்திவிட்டு மாமா வைத்துவிடுவார். நான்கு நாளாக இதே கதை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, அக்கா அம்மாக்கு மெசேஜ் போட்டிருக்கா. 'அப்பாக்கு என்னோட என்ன கோவம் மாமி? கத்திப்போட்டு வைக்கிறார். இண்டைக்கும் இப்பிடியெண்டா இனி கோல் எடுக்கமாட்டன்' எண்டு."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "இந்தக் கொம்பனிக்காரன் ஏன்தான் ஓட்டைய எடுத்தானோ!"

"தண்ணி போகாம இருக்கத்தான் அண்ணே" என்றார் நளீம் நானா.

"மூக்கில தண்ணி போகுதெண்டு மூக்க அடைக்கிறதா?"

"வயரில்லாத ஹெட்செட் ஒண்டு வாங்குங்களன்."

"வாங்கினனே! ஒண்டு காதிலயிருந்து நழுவி ரெசின் பசை வாளிக்குள்ள விழுந்திட்டு. இப்ப அது ஒரு படகோட ஒட்டிக்கிடக்கு. மற்றத ஒரு காதில மட்டும் போட்டா கிரைண்டர்தான் கேக்குது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய்க்கு அது பழக்கமில்லை.

"ஓட்டை உள்ளுக்க இருக்கும் மாமா. புதுப் படகு மாதிரி மூடி அனுப்பியிருப்பான். ட்ரில் போட்டாச் சரி!"

புதுப் படகின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை ஃபைபரால் மூடித்தான் அனுப்புவார்கள். மாமாதான் ட்ரில் போட்டுத் திறப்பார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சோற்றை வாயில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாமா சிரிக்கவில்லையே! தலையை வேறு ஆட்டினாரே!

மணி மூன்றே முக்கால். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். மணலில் ஒரு செருப்பு கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே ஃபோன் பலகையில் கிடந்தது. அதன் அடியில் பென்சிலால் அழகாக ஒரு புள்ளி. மாமாவின் கையில் ட்ரில் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேணாம் மாமா!"

கிரைண்டர் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். ட்ரில் முனகிக்கொண்டு நின்றது.

"நான் சும்மா பகிடிக்குச் சொன்னது மாமா. உள்ளுக்க ஓட்டை ஒண்டும் இல்ல. குத்தினா ஃபோன் செத்துப்போகும்."

மாமா என்னையே பார்த்தார். "விஞ்ஞானத்தில எண்பத்தாறு எடுத்த பிள்ளை சொல்லுதெண்டு நம்பினனே அஜித்தா!"

"அதுவும்… கொஞ்சம் பகிடிதான் மாமா."

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தகரப் பீப்பாயில் உட்கார்ந்து ஃபோனைத் துடைத்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம். இண்டைக்கும் கேக்காட்டி என்ர பிள்ளை என்ன நினைக்கும்?"

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. சத்தமில்லாத இடம் தேடிக் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினேன். காற்று. உள்ளே ஓடினேன். தகரக் கூரை படபடத்தது. நளீம் நானாவிடம் ஓடினேன். "விடிஞ்சா இந்தப் படகு கடலுக்குப் போகணும் மகள், கிரைண்டர நிப்பாட்டேலாது" என்றார்.

கண்ணில் மண் அடித்தது. பக்கத்தில் டயர்களின் மேல் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அதன் கீழே தலையை நுழைத்தேன்.

காற்று நின்றுவிட்டது! கிரைண்டர் எங்கோ தூரத்து வண்டுபோல இரைந்தது.

"மாமா! ஓடி வாங்க! உள்ளுக்க பூருங்க!"

"படகுக்கு மேல ஏறித்தான் பிள்ளை பழக்கம்!"

மாமாவின் தலை வந்தது. தோள் வந்தது. வயிறு வரவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்க இழுக்க ஃபோன் அடித்தது. கடைசி இழுவையில் மாமா என்மேல் விழுந்தார். நசுங்கிக்கொண்டே ஃபோனை எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"அப்பா?"

படகு முழுக்க அக்காவின் குரல். பத்து அக்காமார் சுற்றி உட்கார்ந்து கூப்பிட்டதுபோல.

"கேக்குது மகள்" என்றார் மாமா. "கேக்குது. நல்லாக் கேக்குது."

அக்கா மெதுவாகக் கேட்டார், "என்னோட கோவமா அப்பா?"

"உன்னோடயா? எனக்கும் இந்த ஃபோனுக்கும்தான் சண்டை!"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "எங்க நிக்கிறீங்க? கோயிலுக்குள்ள மாதிரிக் கேக்குது."

"படகுக்குக் கீழ."

"ஐயோ! கவிழ்ந்திட்டா?"

கவிழ்ந்ததுதான், ஆனால் கரையில்தான் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு மாமா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

வெளியே கிரைண்டர் நின்றது. டயர்களுக்கு இடையில் நளீம் நானாவின் தலை தெரிந்தது. அவர் கையிலும் ஒரு ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"உள்ளுக்க இடமிருக்கா அண்ணே? என்ட மனுசி எடுக்கிறா."

மாமா அக்காவோடு கதைப்பதை விடாமலே காலை மடக்கி இடம் விட்டார்.