காயாத நீர்வண்ணம்

முந்தாநாள் தீட்டிய ஓவியம் இன்னும் காயவில்லை.

அடுப்பில் வறட்டி கனன்று, கம்பளிக் கூடாரத்தின் காற்றே உதட்டை வெடிக்க வைக்கும் அளவுக்கு வறண்டிருந்தது. அந்தத் தாள் மட்டும் இப்போதுதான் தூரிகையை எடுத்தது போலப் பளபளத்துக்கொண்டு, நனைந்த ஆட்டுரோம வாடையோடு கிடந்தது. டுல்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

தலைநகர் உலான்பாட்டரில் நடக்கும் கண்காட்சிக்காக வரைந்தது. பனிவெளி, நடுவே ஒற்றைக் கூடாரம், தொடுவானத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் சுல்மஸ், செம்பு அலகு கொண்ட பேய்ப்பெண். வேண்டியவர்களின் குரலில் கூப்பிடுவாள். உள்ளே இருப்பவர்கள் வரச் சொன்னால்தான் நுழைவாள்.

"வெண்ணெய் போட்ட டீக் கோப்பையில பிரஷ்ஷை முக்கியிருப்ப. வெண்ணெய் எங்கயாவது காயுமா?" காலையில் கிண்டலடித்துவிட்டுத்தான் அவள் கணவன் கல்சான் குதிரைகளைத் தேடிப் போனான்.

மதியத்துக்குள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கம்பளிச் சுவர் மூச்சு விடுவது போல உப்பி உப்பி அடங்கியது. கூரைக்கழிகள் முனகின. புகைக்குழாய்க்குள் காற்று யாரோ தொண்டையைச் செருமுவது போல ஏறி இறங்கியது. புயலுக்காக உள்ளே விட்டிருந்த நாய் கட்டிலடியில் சுருண்டு கிடந்தது. டுல்மா மறுபடி ஓவியத்தைப் பார்த்தாள். பழுப்புப் புள்ளி தொடுவானத்தில் இல்லை. பாதிப் பனிவெளியைத் தாண்டி, கைகால் முளைத்து நின்றது.

சாயம் வழிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் தாள் தட்டையாகத்தான் கிடந்தது.

எடுத்து அடுப்பில் திணித்தாள். சீறியது, புகைந்தது, தீப்பிடிக்கவில்லை. இடுக்கியால் வெளியே இழுத்தபோது ஓவியத்தில் அந்த உருவம் கூடார வாசலில் நின்றது.

அப்போது வெளியே குரல் கேட்டது. கல்சானின் குரல்.

"நாயைப் பிடி!"

"பிடிச்சிருக்கேன், வா!" பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

யாரும் வரவில்லை.

பிறகுதான் உறைத்தது. விருந்தாளிதான் அப்படிக் கத்துவான். சொந்த நாய்க்கு எவன் பயப்படுவான்?

கதவைத் தாழிடப் போனாள். தாழ் பொருந்தவில்லை. தாழைப் பொருத்தக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளியே குவிந்த பனி கதவை அசையவிடவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை. நாய் குரைக்கவில்லை. நடுங்கியது. அதன் கண்கள் கதவைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

கைபேசி அடித்தது.

"டுல்மா, நான் அண்ணன் வீட்டுல மாட்டிக்கிட்டேன். புயல் விட்டாதான் வர முடியும். பயந்துக்காத."

"கல்சான்... நீ இப்ப இங்க வந்தியா?"

"கிறுக்கா உனக்கு? ஆமா, பக்கத்துல யாரு? பொம்பளை குரல் கேக்குதே."

"யாருமில்ல."

"சிரிக்கிறாங்களே."

அவள் ஓவியத்தைப் பார்த்தாள். பனி இருந்தது. கூடாரம் இருந்தது. வாசல் திறந்திருந்தது. உருவம் இல்லை.

"டுல்மா? பேசு. நான் கிளம்பி வரட்டுமா?"

வராதே என்று சொல்ல வேண்டும். புயலில் செத்துப்போவாய், வராதே. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

கழுத்தோரம் ஈரமான குளிர். காதுக்கும் கைபேசிக்கும் நடுவே, மெல்ல, செம்பு நிறத்தில் ஒரு கூர் நுழைந்தது.

"ஆமா, வா," என்றது அது, டுல்மாவின் குரலில், கொஞ்சலாக. "இப்பவே வா. அண்ணனையும் கூட்டிட்டு வா."