கீழ்த்தட்டுக்காரி

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிகிற சின்னத் தெருவில் அதுதான் கடைசி வீடு. சாமான் வண்டி வந்து நின்றபோது கடல்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பழைய வீடுதான், மூலைக்கு மூலை காரை பெயர்ந்த வீடுதான். இருந்தால் என்ன, பத்திரம் முருகேஸ்வரி பேரில் இருந்தது. உடன்குடிக் கருப்பட்டியை ஊர் ஊராக ஆன்லைனில் விற்று அவளே வாங்கிய வீடு.

புருஷன் செந்தில்வேல் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் அண்ணன் பாண்டித்துரைக்குத்தான் இது பொறுக்கவில்லை. “ஒத்தைப் பொம்பளை டவுன்ல குடியிருக்கதா? ஏதாவது ஒண்ணு காதுல விழட்டும், வண்டியோட வந்து கூட்டிட்டு வந்துருவேன்” என்று உடன்குடியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். முருகேஸ்வரி பதில் அனுப்பவில்லை. பாப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆர்டர் எடுக்கிற போன்கள், டேப்லெட், லேபிள் அடிக்கிற குட்டி பிரிண்டர் என்று எந்நேரமும் சார்ஜ் ஏற வேண்டிய சாமான்கள் அவளிடம் நிறைய. வெளியே வைத்தால் உப்புக்காற்றில் சார்ஜர் பின் துருப்பிடிக்கும். துறைமுகத்து நிலக்கரித் தூசி வேறு வந்து அப்பும். அதனால் படுக்கையறைச் சுவர் அலமாரிக்குள்ளேயே பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லி எலெக்ட்ரீஷியன் ஹென்றியைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினால் ஒரு வயர்கூட வெளியே தெரியக் கூடாது என்றாள்.

கீழ்த்தட்டில் கை வைத்த ஹென்றி கையை எடுத்துவிட்டான். பின் சுவரில் பழைய மஞ்சள் தடவியிருந்தது, நடுவில் குங்குமப் பொட்டு.

“யக்கா, உங்க ஆளுக சாமி கும்பிட்ட இடம் மாதிரில்லா இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வமா?”

“வித்துட்டுப் போனவங்க சாமியையும் எடுத்துட்டுத்தான் போயிருப்பாங்க. நீ ஓட்டையப் போடு.”

போட்டான். உள்ளே சூடு தங்கக் கூடாதென்று கதவின் அடியில் வரிசையாகக் காற்றுத் துளைகளும் போட்டான். டிரில் கிளப்பிய தூசியில் பச்சை மஞ்சள் வாசனை அடித்தது. என்றைக்கோ காய்ந்த சுவரில் ஏது பச்சை மஞ்சள்? அவன் கேட்கவில்லை. காபிகூட வேண்டாமென்று கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், ஒரு போனிலும் சார்ஜ் இல்லை. வயர்களெல்லாம் பிளக்கிலிருந்து கழன்றிருந்தன. கழன்றது மட்டுமா?

அதில் மூன்று வயரைச் சேர்த்து யாரோ பின்னியிருந்தார்கள்.

அழுத்தி இழுத்து, பிசிறில்லாமல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பின்னிவிட்ட சடை மாதிரி இருந்தது.

யாரிடம் சொல்ல? சொன்னால் உடன்குடிக்கு எட்டும், எட்டினால் வண்டி வந்துவிடும். முருகேஸ்வரி பின்னலை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகினாள். “எனக்குச் சோலி கிடக்கு, விளையாடாதே” என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உச்சி வெயிலில் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றதும் வீடு கப்சிப்பென்று ஆனது. தூரத்தில் ஒரு கப்பல் ஹாரன் அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அது கேட்டது.

அலமாரிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

குனிந்து காற்றுத் துளையருகே கையை வைத்தாள். போன்களின் சூடு வந்திருக்க வேண்டும். வந்தது குளிர்ந்த காற்று. மஞ்சளும், கஞ்சி போகாத புதுத்துணியும் கலந்த வாசனை.

காற்று நின்றது. திரும்ப வந்தது.

நின்றது.

வரிசையின் அந்தக் கோடித் துளையை உள்ளேயிருந்து ஒரு விரல் அடைத்தது. பிறகு அதற்கு அடுத்த துளையை. பிறகு அதற்கும் அடுத்ததை.

அவள் கை இருக்கும் பக்கமாக அது வந்துகொண்டிருந்தது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கரண்ட் போகுமுன்னே வெளியே எடுத்து வைத்திருந்த போனில் ஏறியிருந்த கொஞ்சம் சார்ஜில், வீட்டை விற்ற முத்துச்செல்விக்கு போன் அடித்து அலமாரியைப் பற்றிக் கேட்டாள்.

“அது எங்க அப்பாகூடப் பிறந்தவ,” என்றாள் முத்துச்செல்வி, குரலைத் தாழ்த்தி. “வயசுக்கு வருமுன்னே காய்ச்சல்ல போயிட்டா. கன்னித் தெய்வமா வச்சுக் கும்பிட்டோம். வருஷா வருஷம் ஓலைப்பெட்டியில அவளுக்குப் புதுப் பாவாடை வைப்போம். அந்தப் பெட்டியத்தான் கொண்டாந்துட்டோமே.”

“பிடிமண் எடுத்தீங்களா?”

கன்னியை இடம் மாற்றுவதென்றால், இருந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, வா தாயே என்று கூப்பிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் போவது வெறும் பெட்டி. நம் பக்கத்தில் இது தெரியாதவர் யார்?

“வீடு பூரா டைல்ஸ்லா. மண்ணுக்கு எங்கன போக? அப்படியே விட்டுட்டோம்.”

“இப்ப வந்து கூட்டிட்டுப் போங்க.”

“நாங்க இருக்கது பிளாட்டுலா. அவள இங்கன எங்க வைக்க? ஏளா, நீ வேணா வீட்ட வித்துட்டுப் போயிரு.”

முருகேஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில் பயம் பாதி கரைந்துபோயிற்று. பெத்த குடும்பமே ஒரு சின்னப் பிள்ளையை அம்போவென்று விட்டுவிட்டுப் போயிருக்கிறது, அதுவும் டைல்ஸைச் சாக்கு வைத்து. போனை வைத்தவள் அலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“கேட்டியா? உன்னைக் கூட்டிட்டுப் போக ஆளில்ல. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் ஒருத்தர் துடியாத் துடிக்காரு. நீயும் போகாண்டாம், நானும் போக மாட்டேன். கீழ்த்தட்டு உனக்கு, மேல்தட்டு எனக்கு. பயமாத்தான் இருக்கு, இல்லேங்கல. அதுக்காக வீட்டை விட்டுருவேன்னு நினைக்காதே.”

துளைகளிலிருந்து வந்த காற்று நின்றது. கதவைத் திறந்து வயர்களையெல்லாம் மேல்தட்டுக்கு மாற்றினாள். கீழ்த்தட்டைத் துடைத்து, சிவப்புப் பாவாடைத் துணி ஒன்று வாங்கி வந்து மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு வயரும் கழலவில்லை.

ஆனால் ஹென்றி டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மஞ்சள் வாசனைக் கதை கைகால் முளைத்து உடன்குடி போய்ச் சேர்ந்தது. ஒரு மத்தியானம் பாண்டித்துரை வண்டியோடு வந்து வாசலில் நின்றார்.

“பெட்டியக் கட்டு.”

“மாட்டேன் அத்தான்.”

“பேய் வீட்டுல தம்பி பொண்டாட்டிய ஒத்தையில விட்டிருக்கான்னு ஊரே என்னைக் கேக்குது.”

“ஊரு வந்து எனக்குப் பார்சல் கட்டித் தருமா? உக்காருங்க, காபி போடுதேன்.”

அவரை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இவர் தரதரவென்று இழுத்தாலும் வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் தம்ளரைக் கையில் எடுத்தாள்.

திரும்பி வந்தபோது பாண்டித்துரையின் முகமே மாறியிருந்தது. படுக்கையறை வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா முருகேஸ்வரி.”

“எத அத்தான்?”

“துணைக்குப் பிள்ளை ஒண்ணு வச்சிருக்கத. நான் என்னமோ நீ ஒத்தையில கிடக்கன்னுல்லா ஓடியாந்தேன். பேரு கேட்டேன், சொல்ல மாட்டேங்கா. கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டா. வெக்கம் போல.”

தம்ளரை அவர் முன்னால் வைத்தாள். அப்படி யாரும் இல்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு போய்விடும்.

அறை வாசலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆமா அத்தான்,” என்றாள். “கொஞ்சம் கூச்சப்படுவா. இங்கனதான் இருப்பா.”

பாண்டித்துரை காபியைக் குடித்துவிட்டு, பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்புகிறவரை முருகேஸ்வரி வாசல்படியில் நிமிர்ந்து நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்ட நேரம், தொங்கிக்கொண்டிருந்த அவள் சுண்டுவிரலைச் சின்னக் கை ஒன்று பிடித்தது. ஐஸாகக் குளிர்ந்தது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. விரலை உருவவும் இல்லை.

“வா, ஆர்டர் கிடக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். பிடித்த கை விடாமல் கூடவே வந்தது.