பிரிசில்லாவின் வலது பாதம்

காலை ஐந்தே முக்காலுக்குப் பிரிசில்லாவுக்குக் கால் வந்தது. முதலில் குதிகால், பனியில் நனைந்த தார்ச்சாலையின் சில்லிப்போடு. பிறகு உள்ளங்கால். அங்கே நேற்று ஏறிய கண்ணாடிச் சில்லு இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களுக்காகக் காத்திருந்தாள். பெருவிரல் வந்தது. அடுத்ததும் வந்தது. நடுவிரல், கம்பளிக்குள்ளிருந்து தொடுவதுபோல மங்கலாக வந்தது. கடைசி இரண்டும் வரவில்லை.

"ஜமால் அண்ணே, ரெண்டு விரலைக் காணோம்."

பக்கத்துச் சக்கர நாற்காலியில் இருந்த ஜமால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லா தேடு தங்கச்சி. என் ஆளு இன்னும் போர்வைக்குள்ள கெடக்கான். எந்திரிச்சதும் கட்டில் முனையில முட்டிய இடிப்பான் பாரு, அதுதான் எனக்கு அலாரம்."

"விளையாடாதீங்கண்ணே. நேத்து அஞ்சு விரலும் இருந்துச்சு."

ஒட்டன்சத்திரத்தின் அந்த உணர்வஞ்சல் நிலையத்தில் பதினோரு ஏற்பாளர்கள் இருந்தார்கள். பதினோரு பேருக்கும் தண்டுவடம் அறுந்திருந்தது. வேலைக்கு அதுதான் தகுதி. வாடிக்கையாளர் இடுப்பில் கட்டும் பட்டை, அதற்குக் கீழிருந்து மேலே போகும் வலியையும் சூட்டையும் தொடுகையையும் வழிமறித்து இங்கே அனுப்பிவிடும். நடப்பதற்குத் தேவையான, கால் எங்கே இருக்கிறது என்ற நிலையறிவை மட்டும் அவரிடமே விட்டுவைக்கும். சாதாரண ஆட்களிடம் அனுப்பிப் பார்த்தபோது, சொந்தக் காலும் வந்த காலும் மூளைக்குள் மோதி அவர்கள் தடுமாறி விழுந்தார்கள். தண்டுவடம் அறுந்தவர்களின் மூளையிலோ கால்களுக்கான இடம் ஆளில்லாமல் கிடந்தது. ஜமால் அதைக் காலிமனை என்பார்.

மில் வேன் கவிழ்ந்ததிலிருந்து எட்டு வருடம் பிரிசில்லாவுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. முதன்முதலாக ஏற்பியைப் பிடரியில் பொருத்திய அன்று, யாரோ ஒரு பெண்மணி நாகர்கோவிலில் சிமெண்டுத் தரையில் காலை வைத்தாள். இங்கே பிரிசில்லா ஓவென்று அழுதாள். அதன் பிறகு மூட்டுவலி, பித்தவெடிப்பு, பிரசவம் என்று என்னென்னவோ வந்தன. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வலியோடுதான் மணலும் வரும், மழைத்தண்ணீரும் வரும். மாலையில் இணைப்பு அறுந்ததும், மறுநாள் காலைக்காகக் காத்திருப்பாள்.

இந்த வாரம் வந்தவர் எண் நானூற்றுப் பதினேழு. வயது ஐம்பத்தொன்று, சர்க்கரை உண்டு. மகளுக்கு உடம்பு தேறியதற்காகப் பழனிக்குப் பாதயாத்திரை, செருப்பில்லாமல். ஏழு நாளைக்குப் பட்டை.

"நடக்கிறது அவரு, வலிக்கிறது உனக்கு. முருகன் யாரு பேருல வரவு வைப்பாரு?" என்று ஜமால் முதல் நாளே கேட்டார்.

"நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவ. எனக்கு எதுக்குண்ணே பழனில வரவு?" என்று அவளும் சிரித்தாள்.

நேற்று ஒன்பது மணிக்குச் சிரிப்பு போயிற்று. சில்லு ஏறியதும் திரையில் பதிந்தாள். 'இயல்பு நிலை. தொடர்க' என்று பதில் வந்தது. மூன்று முறை பதிந்தாள். மூன்று முறையும் அதே பதில். மதியம் வலி ஈரமானது. மாலையில் சூடானது. இரவில் அது யாருக்கும் போய்ச் சேராது. இப்போது விரல்களே வரவில்லை.

வலித்தால் பயமில்லை. வலிக்காமல் போவதுதான் அவளுக்குப் பயம். ஐந்து வருடத்துக்கு முன்னால் தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது, அவள் கெண்டைக்கால் சைலன்சரில் ஒட்டிக்கொண்டது. யாருக்கும் தெரியாது. கருகிய வாடை வந்த பிறகுதான் தம்பி வண்டியை நிறுத்தினான். புண் ஆற ஏழு மாதம். அதிலிருந்து காலையும் மாலையும் நீளப்பிடி வைத்த கண்ணாடியில் உடம்பின் பின்பக்கம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறாள்.

எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் ஹரிஹரன் வந்ததும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சார், நானூத்திப் பதினேழுக்குக் கால் அழுகுது. ஃபோன் பண்ணிச் சொல்லுங்க."

"தொந்தரவு செய்யக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கார் பிரிசில்லா. விரதத்துல இருக்கார், ஃபோனையும் வீட்டுல வச்சுட்டு வந்திருக்கார்."

"ஆள் அனுப்புங்க."

"பல்லாயிரம் பேர் நடக்கறாங்க. எல்லாரும் பச்சை வேட்டி. எங்கன்னு தேடுறது? சரி, தேடியே பிடிச்சாலும், கால்ல என்னன்னு தெரியக் கூடாதுன்னுதானே அவர் நம்மகிட்ட வந்தார்?" குரலைத் தாழ்த்தினார். "விதி தெரியும்ல? வாடிக்கையாளர்கிட்டப் பேசினா ஏற்பியை நிறுத்திடுவோம். அப்புறம் எந்த நிலையத்துலயும் திறக்க முடியாது."

அவள் இடத்துக்குத் திரும்பினாள். நூறு அடி, இருநூறு அடி. பத்தரை மணிக்கு நடுவிரலும் போயிற்று. தார் கொதிக்க ஆரம்பித்திருந்தது. இடது காலில் மட்டும் அந்தக் கொதிப்பு முழுசாக வந்தது.

திடீரென்று பாதத்தின் கீழே வழவழப்பாக, குறுக்கே, ஓர் இரும்பு. இரண்டு எட்டில் இன்னொன்று.

தண்டவாளம்!

"அண்ணே, கேட்டைத் தாண்டுறாரு. நம்ம ஊரு ரயில்வே கேட்டு!"

ஜமால் இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவள் கை ஏற்கெனவே சக்கரத்தில் இருந்தது. "போயிட்டா திரும்பக் கால் வராது புள்ள," என்றார் மெதுவாக.

"தெரியும்ணே."

"அப்ப ஏன் நிக்கிற? வண்டிச் சாவி உன் மடியிலதான் இருக்கு."

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஐந்து நிமிடத்தில் பழனி சாலைக்கு வந்துவிட்டாள். ஏற்பி பிடரியிலேயே இருந்ததால் அவர் காலும் கூடவே வந்தது. சாலை முழுக்கப் பச்சை. காவடிகள், அரோகரா, ஒலிபெருக்கி. ஹரிஹரன் சொன்னது சரிதான். இதில் யாரை என்று பார்ப்பது?

சாலையோரப் பந்தலில் பெண்கள் ரப்பர் குழாயால் நடப்பவர்களின் கால்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிரிசில்லா ஸ்கூட்டரை அங்கே ஒட்டி நிறுத்தினாள்.

"அக்கா, குழாயைக் கொஞ்சம் குடுங்க."

"இந்தா, ஊத்தும்மா. புண்ணியம்."

ஒரு ஜோடிக் கால். குளிர்ச்சி வரவில்லை. அடுத்த ஜோடி. இல்லை. கொலுசு போட்டவை, வெடித்தவை, துணி சுற்றியவை. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை அடித்துவிட்டு, இல்லாத தன் காலில் அது வருகிறதா என்று காத்திருந்தாள். நின்று வாங்கிக்கொண்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஃபோன் அடித்தது. ஹரிஹரன்.

"எங்க இருக்கீங்க?"

"தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன் சார்."

"அஞ்சு நிமிஷம் தரேன். அதுக்குள்ள உங்க இடத்துல இல்லேன்னா நிறுத்திடுவேன். நான் என்னம்மா செய்யட்டும்?"

கால்கள். கால்கள். குழாயை அடுத்த ஜோடிக்குத் திருப்பினாள். ஒருவேளை அவர் முன்னாலேயே கடந்து போயிருந்தால்? இல்லை, சூடு இன்னும் இருக்கிறது, ஈரம் படவில்லை. நிழல் விழுந்தது, அவர் பாதத்தில். பந்தலின் நிழல்தானா? இன்னும் வேகமாக அடித்தாள்.

சில்லென்றது.

கட்டைவிரலால் குழாயை அடைத்தாள். குளிர்ச்சி நின்றது. விட்டாள். மறுபடி வந்தது. எதிரே வெளுத்த தாடியோடு ஒருவர் கண்ணை மூடி நின்றிருந்தார்.

"ஐயா, உட்காருங்க. உங்க வலது கால்ல கண்ணாடி இருக்கு."

"வேண்டுதல்ல இருக்கேன்மா. நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் வலிக்கலையே."

"எனக்கு வலிக்குது. உங்க கால் என்கிட்டதான் இருக்கு."

அவர் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டை இருப்பது உடன் வந்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. மெல்ல பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினார். பந்தல் பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

மருத்துவ முகாமிலிருந்து டாக்டரம்மா ஓடி வந்தார். அதற்குள் ஹரிஹரன் தந்த நேரம் முடிந்துவிட்டது. பிரிசில்லாவுக்கு இருட்டியதுபோலக்கூட இல்லை. ஈரமும் சில்லும் கொதிப்பும் ஒரே கணத்தில் இல்லாமல் போயின. குனிந்து தன் மடியைப் பார்த்தாள். தண்ணீர் தெறித்துச் சேலை நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் பாதத்தை அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

தாடிக்காரர் பிரிசில்லாவைப் பார்த்தார்.

"இந்தப் பட்டையை முதல்ல கழட்டுங்க," என்றார் டாக்டர்.

"நிலையத்துல பூட்டினது. ஏழாம் நாள்தான் திறப்பாங்க," என்றார் அவர். "ஆம்புலன்ஸ்ல போய்த் திறக்கச் சொல்லலாம்... அது வரைக்கும் இந்தம்மா சொல்லட்டும். சொல்லுங்கம்மா, எனக்கு வலிக்குதா?"

"எனக்கு நிறுத்திட்டாங்கய்யா."

"அப்ப இப்ப யாருக்குப் போகுது?"

"யாருக்கும் இல்ல."

ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் ஊர்ந்து வரும் சத்தம் கேட்டது. அவர் தன் பாதத்தையே, யாரோ தன் மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார்.

பிரிசில்லா ஸ்கூட்டர் பையிலிருந்து அந்த நீளப்பிடிக் கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பட்டை கழண்டாலும் சர்க்கரை இருக்குய்யா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நல்ல வெளிச்சத்துல பார்க்கணும். விரல் இடுக்கையும் விட்டுறாதீங்க. தண்ணி சூடா இருக்கான்னு முழங்கையால பார்த்துட்டுத்தான் காலை வைக்கணும்."

"எத்தனை நாளைக்கும்மா?"

அவள் அவர் கையைப் பிடித்து, கண்ணாடியை எந்தச் சாய்வில் வைத்தால் குதிகால் தெரியும் என்று காட்டிக்கொடுத்தாள்.