பிரிக்காமல் இருந்த சோப்பு

காலை ஒன்பது மணிக்குக் கல்குவாரியில் வெள்ளோட்டம். ஒன்பதே காலுக்குள் புது வெடிமருந்தின் மானம் கப்பலேறிவிட்டது.

பாறைத் துளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டும். அதற்கு நேரம் கொடுப்பது ஒரு சிறு குழாயில் நிதானமாக எரியும் மருந்து. காலங்காலமாக அதில் ஈயம்தான். ஈயமே இல்லாமல் வெடிமருந்து ஆலையின் ரசாயனக்காரி செய்த குழாய்கள் முந்திக்கொண்டு வெடித்தன. கல் தெறித்து ஒரு தொழிலாளியின் தோள் பிளந்தது.

"இதைச் செய்யுற புது அறையை இன்னிக்கே மூடுறேன்," என்றார் ஆலை மேலாளர்.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் பெயர் 'மூக்கு'. புது அறைக்குள் நுழைந்ததுமே அவருக்கு சோப்பு வாசனை அடித்தது.

"பூட்டு உடையல. சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான் மேடம்," என்றாள் ரசாயனக்காரி. "நேத்து பூரா குவாரியில இருந்தேன், சாவி வீட்டு ஆணியில தொங்குச்சு. காலைல பெட்டிய எடுத்துட்டு நேரா போயிட்டேன்."

"வீட்ல யாரு?"

"அக்காவும் அவ குழந்தையும். அக்காவுக்கு இங்க ஈய அறையிலதான் வேலை."

"இந்த சோப்பு?"

ரசாயனக்காரி விழித்தாள். "நான் பிரிக்கவே இல்லையே. என் மருந்துல ஈயம் இல்ல, கையைத் துடைக்க ஒரு துணி போதும்."

தொட்டியோரம் சோப்பு ஈரமாக, தண்ணீர் வடியும்படி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. உறை அழகாக மடிந்து கிடந்தது. திருட்டுத்தனமாக உள்ளே வந்தவருக்கு இத்தனை சுத்தம் எதற்கு? அது மூக்கின் மனதைக் குடைந்தது.

பழைய ஈய அறையில் எல்லாத் தொட்டியிலும் சோப்பு அதேபோல் நிமிர்ந்து நின்றது. அங்கே வேலை செய்யும் எட்டுப் பேரும் ஈய விஷம் போக முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"புது அறைப் பக்கம் போனீங்களா?" என்று அக்காவைக் கேட்டார்.

"அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல."

மதியம், குவாரியில் பொறுக்கிய கருகிய துண்டுகளை எல்லார் எதிரிலும் சோதித்தார்கள். அவ்வளவும் ஈயம்.

"புதுக் குழாய் வெடிக்கவே இல்ல," என்றார் மூக்கு. "பெட்டியில இருந்தது சீக்கிரம் எரியுற பழைய குழாய். மாத்தினவங்க கையில ஈயம் பட்டுச்சு. குழந்தை இருக்குற வீட்டுக்கு அந்தக் கையோட போக மனசு வரல. அப்படிக் கழுவுறவங்க எட்டுப் பேர். சாவி தொங்குற வீட்ல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்மா."

அக்கா மறுக்கவில்லை. "புதுக் குழாய் ஜெயிச்சு எங்க அறைய மூடிட்டா நான் எங்க போவேன்? எனக்கு வேற வேலை தெரியாது. ஆள் மேல கல்லு விழும்னு சத்தியமா நினைக்கல."

"உன் ரத்தத்துல ஈயம் ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்குத்தானேக்கா இதையே ஆரம்பிச்சேன்," என்றாள் தங்கை. "புது அறைக்கு முதல் ஆளா உன்னைத்தான் மேலாளர்கிட்ட கேட்டிருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி."

எத்தனையோ கேஸில் குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்ட மூக்குக்கு இன்று மனசு கனத்தது. வாசலில் ஜீப் வந்து நின்றது. தங்கை அழுதுகொண்டே கையை நீட்டினாள். அக்கா சட்டென்று தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இரு, கை கழுவிட்டு வரேன்."