எட்டில் செத்தவர், இரண்டில் பிழைத்தார்!

"ஐயோ... போயிட்டாரே! கோப்பியில வெஷம் வச்சிட்டானே பாவி!"

பாக்கியலட்சுமியின் அலறல் மலாக்காவின் காஜா பெராங் சாலை முழுக்கக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் நடராஜன் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் கணவர் அப்பாசாமி, ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். வாய் பிளந்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

எதிரே ரேடியோ ரிப்பேர் ஜெயபாலன். காலிக் கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோப்பி வாங்கிட்டு வந்தது நீதானே?"

"ஆமா துவான். ஆனா நானும் அதைத்தான் குடிச்சேன்!"

"எதுக்கு வந்தே?"

"பொண்ணு கேட்டு. இவரு மக விஜயாவை. 'என்னை செஸ்ஸுல ஜெயிக்க யாரையாவது... எதையாவது கொண்டா, கட்டிக் குடுக்கறேன்'னாரு. மலாக்காவுல இவரை ஜெயிக்க ஆளே இல்லை. ஆனா சிங்கப்பூர்ல ஒரு எலெக்ட்ரிக் மூளை இருக்கு துவான். செஸ் ஆடும்! இவரு நகர்த்தறதை நான் ட்ரங்க் கால்ல சொன்னேன். அது பதில் சொல்லுச்சு."

"மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரம் ஆகறதுக்குள்ள என்னென்னமோ வருது! கடைசியா என்ன சொல்லுச்சு?"

"'தப்பிக்க வழியே இல்லை. எட்டு மூவ்ல செக்மேட்'னு சொல்லுச்சு. இவரு பலகையை வெறிச்சுப் பார்த்தாரு... தொப்புன்னு சாஞ்சாரு!"

"கதை விடாதே லா! பொய்யா இருந்தா தூக்குதான்!"

ஜெயபாலனுக்கு முகம் வெளுத்தது. விஜயா போனாள்... இப்போது கழுத்தும் போகப்போகிறது!

நடராஜன் பலகையைக் குனிந்து பார்த்தார். அவரும் ஸ்டேஷனில் ஓய்வு நேரத்தில் காய் நகர்த்துபவர்தான்.

திடீரென்று சிரித்தார்.

"மெஷின் எப்படி ஆடும்னு பேப்பர்ல படிச்சிருக்கேன். எல்லா வழியையும் ஒண்ணுவிடாம போட்டுப் பார்க்கும். ரெண்டு மூவ் மேட்டை விடவே விடாது. எட்டு மூவ்னா மாசக்கணக்கா முக்கும்! உன் மெஷின் சட்டுன்னு எட்டைக் கண்டுபிடிச்சிருக்கு. கண்ணு முன்னால இருக்கிற ரெண்டை விட்டுடுச்சு. இது மெஷின் இல்லைப்பா... மனுஷன்!"

"ரெண்டா? எங்க இருக்கு ரெண்டு?"

கேட்டது... பிணம்!

அப்பாசாமி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

பாக்கியலட்சுமி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த கணம் துடைப்பத்தைத் தேடினாள்.

நடராஜன் பலகையைச் சுட்டினார். "அதோட ராணி இங்க வந்து பலியாகுது. உங்க யானை வெட்டியே ஆகணும். அப்புறம் குதிரை பாயுது. உங்க ராஜாவுக்கு நகர இடமே இல்லை. அது சரி, எதுக்குய்யா செத்தீங்க?"

"ஆட்டம் பாதியில நின்னா தோல்வி இல்லையே துவான்!"

ட்ரிங்... ட்ரிங்...!

அப்பாசாமி பாய்ந்து போனை எடுத்தார்.

"டேய் மெஷின்! யாருடா நீ?"

மறுமுனையில் ஒரு பெண் குரல்.

"அப்பா... ரொம்ப நேரமா உங்க மூவ் வரலையேன்னு பயந்துட்டேன். பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

விஜயா! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் இணைக்கும் அவருடைய சொந்த மகள்! ஜெயபாலனின் கால் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை, அவளிடமே நின்றுவிட்டது. காய்களைத் தொடாதே என்று அவர் விரட்டிய பெண், அவர் முதுகுக்குப் பின்னால் நின்றே ஆட்டத்தைக் கற்றிருந்தாள்.

"ரெண்டுல முடிச்சிருக்கலாமேம்மா! ஏன் எட்டு?"

"பார்த்தேன்பா. படக்குன்னு முடிச்சா உங்க நெஞ்சு தாங்காது. எட்டுன்னா கொஞ்சம் கொஞ்சமா மனசு தேறிக்குவீங்கன்னு..."

அப்பாசாமியின் கண் கலங்கியது. பெருமை தாங்கவில்லை.

போனை வைத்தார். தம் ராஜாவைத் தாமே சாய்த்தார். ஜெயபாலனின் தோளில் கை போட்டார்.

"பொண்ணு உனக்குத்தான் மாப்பிள்ளே. ஆனா அவகூட மட்டும் சண்டைக்குப் போயிடாதே... நீ தோத்துப்போனது உனக்கு எட்டு மூவ் கழிச்சுதான் தெரியும்!"