சாக்குக்கு அடியில் சின்னன்

வாசகப் பெருமக்களே, ஏற்காட்டு மலைக்கு வாருங்கள். வந்து இந்தக் கொடுமையைக் கண்ணால் பாருங்கள்!

கொட்டச்சேட்டில் ஒரு காபித் தோட்டம். சில்வர் ஓக் மரத்தடியில் சின்னன் கிடக்கிறான்.

காதில் ரத்தம்...

கிளை கழிக்க ஏறி, தவறி விழுந்தவன். கீழே நின்று கயிறு பிடிக்கும் ஆளைச் சிக்கனம் என்று சொல்லி நிறுத்திவிட்டது, தோட்டத்தை வாங்கிய புதிய நிறுவனம்.

மேஸ்திரி மனுவேல் ஓடி வந்தார். இளமை முழுவதையும் அந்தத் தோட்டத்துக்குத் தின்னக் கொடுத்தவர்.

அவருக்கு முன்பே மேனேஜர் ரொனால்ட் அங்கே நின்றான். நிறுவனம் சென்னையிலிருந்து அனுப்பிய இளைஞன். சின்னனின் கழுத்தில் இரு விரல் வைத்தான். எடுத்தான். கைக்குட்டையில் துடைத்தான்.

"முடிஞ்சுபோச்சு."

"அய்யோ சாமி... மறு சரிவுல இருக்கற ஆளுங்களக் கூப்புடறனுங்க. சாவு உழுந்தா எல்லாரும் வேலையப் போட்டுட்டு அந்த ஊட்டுக்குப் போயிருவாங்க. அதுதானுங்க இங்க வழக்கம்."

"இன்னிக்கு வேண்டாம். முதலீடு பண்ணப்போற கெஸ்ட் வராங்க. காலித் தோட்டத்தையா காட்டறது? சாயந்திரம் வரைக்கும் இவன் சாகல."

"அதெப்படிங்க?"

"குடோன்ல போட்டு மூடுங்க. கேட்டா, குடிச்சிட்டுத் தூங்கறான். நாம ஒரே ஃபேமிலி மனுவேல். எஸ்டேட் குடுத்த வீட்லதானே இருக்கீங்க? தொடர்ந்து இருக்க வேண்டாமா?"

முதலாளி மாறினாலும் தோட்டம் மாறாது என்று நம்பியிருந்தவர் மனுவேல். அந்த நம்பிக்கை அந்த மரத்தடியிலேயே விழுந்தது.

சின்னனைக் குடோனில் கிடத்தி, அதற்கும் சேர்த்துத்தான் சாக்கைப் போர்த்தினார்.

நண்பகல். சின்னனின் மனைவி முத்தாயி சோற்றுப் போசியோடு வந்தாள்.

"ஏனுங்க மேஸ்திரி, இவரு எங்கீங்க?"

"குடோன்ல தூங்கறான் கண்ணு. கொஞ்சம் போட்டுட்டான்."

"வேல நேரத்துல குடிக்க மாட்டாருங்களே. எழுப்பட்டுங்களா? நொம்பப் பசியில இருப்பாரு."

"வேண்டாம். மேனேஜர் பாத்தா வேல போயிரும்."

"நீங்க சொன்னாச் சரிங்க. எந்திரிச்சதும் குடுத்துருங்க. கொள்ளு ரசம், ஆறிப்போயிரும்."

விருந்தினர் வந்தார்கள். "ஒருத்தர்கூட சும்மா நிக்கலையே" என்று மெச்சினார்கள். காபி குடித்தார்கள். போனார்கள்.

மாலையில் ரொனால்ட் போலீஸுக்கு போன் செய்தான்.

இன்ஸ்பெக்டர் ஜெயபிரகாஷ் சாக்கைத் தூக்கினார்... குனிந்து பார்த்தார்.

சின்னனின் நகங்களில் சணல் நார். சாக்கில் பிறாண்டிய ஓட்டை!

"செத்தவன் சாக்கைப் பிறாண்ட மாட்டான். இவன் உள்ள உசுரோட கெடந்திருக்கான். மூடினது யாரு?"

"மேஸ்திரி சார்" என்றான் ரொனால்ட். "தூங்கறான்னு சொன்னாரு. நம்பிட்டேன்."

"பொய்யுங்க. இவருதான் கழுத்தத் தொட்டுப் பாத்து, முடிஞ்சுபோச்சுன்னாரு."

"சாட்சி இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மரத்தடியில் வேறு யார் இருந்தார்கள்?

"என்கிட்ட சாட்சி இருக்கு சார்" என்றான் ரொனால்ட். "அந்தம்மாவைக் கேளுங்க."

சேதி கேட்டு ஓடி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்தாயி, மனுவேலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவருதானுங்க. தூங்கறாருன்னாரு. எழுப்பறேன்னு சொன்னேன். இவரு உடலீங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மைதான் மனுவேலை ஜீப்பில் ஏற்றியது.

ரொனால்ட் ஜீப்பின் ஓரம் வந்து, அவர் காதருகே குனிந்தான்.

"கழுத்துல துடிப்பு இருந்துச்சு மனுவேல். ஆம்புலன்ஸ் சத்தம் கெஸ்டுக்குப் பிடிக்காது. நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கலாமே?"

ஜீப் புறப்பட்டது.

தோழர்களே, மேலிடம் "முடிந்தது" என்று சொன்னால் இனி நம்பாதீர்கள். குனியுங்கள். நீங்களே தொட்டுப் பாருங்கள். துடிப்பு இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

அது வந்து சேரும்வரை, பக்கத்தில் நிற்கும் மேனேஜரின் நெஞ்சையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்... உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று!